கிரீன் கார்டும் கிரக பலனும்

நமது நாட்டில் ஜோசியர்களுக்கு எந்தக் காலத்திலும் பிழைப்புக்குப் பஞ்சம் வந்ததில்லை. மழை எப்போது பெய்யும், பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது கூடும், காணாமற்போன மாடு எந்தத் திக்கில் போயிற்று என்பவை பழைய கேள்விகள். இப்போது அவர்களுக்குப் புதிதாக ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது. "அமெரிக்காவில் இருக்கும் என் மகனுக்குக் கிரீன் கார்டு எப்போது வரும்?" என்பதே அது.

திருவண்ணாமலையிலும், அதை ஒட்டிய வேங்கிக்காலிலும், சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும், கம்ப்யூட்டர் வேலைக்காகப் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பன்மார் இருக்கிறார்கள். நிலத்தை அடமானம் வைத்தும் நகையை விற்றும் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கவலை உண்மையான கவலை; அதை நாம் பரிகசிக்க வரவில்லை. அந்தக் கவலையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். ஒருவர் ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு போகிறார். ஒருவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார். குபேர லிங்கத்தண்டை வந்ததும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறார். இன்னொருவர் ஐதராபாத்துக்குப் பக்கத்திலுள்ள சில்கூருக்கே ரயிலேறிவிடுகிறார். அங்குள்ள பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர் வழங்குகிறது. சென்னை விமான நிலையத்துக்கு அருகிலும் விசாவுக்கென்றே ஒரு கணபதி ஏற்பட்டிருக்கிறார். பெருமாளும் பிள்ளையாரும் அமெரிக்க சர்க்காரின் கீழ் குமாஸ்தா உத்தியோகம் ஏற்றுக்கொண்டது எந்தத் தேதியில் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

நிற்க, கிரீன் கார்டு எப்போது வரும் என்ற கேள்விக்கு விடை உண்டா, இல்லையா? உண்டு. அதற்கு வேண்டியது பஞ்சாங்கமல்ல. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வரிசை என்பது என்ன?

முதலில் விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லுவோம். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் எச்-1பி என்ற தற்காலிக அனுமதியின் மேல் போகிறார்கள். அதற்கு ஆறு வருஷம்தான் ஆயுள். நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்குத்தான் கிரீன் கார்டு என்று பெயர். வேலை கொடுக்கும் கம்பெனிதான் அதற்கு மனுப் போடவேண்டும். மனுப் போட்டு வரிசையில் நிற்பவன், ஆறு வருஷம் தாண்டியும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று 2000-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். ஆகவே அவன் அங்கேயே இருக்கிறான். ஆனால் குடியுமல்ல, விருந்தாளியுமல்ல. வேலை போய்விட்டால் அதிகபட்சம் 60 நாளைக்குள் வேறு கம்பெனி பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் பொதுவாக மூட்டை கட்டவேண்டியதுதான்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 1990-ம் வருஷத்துச் சட்டப்படி, உத்தியோகத்தின் பேரில் கொடுக்கும் கிரீன் கார்டு உலகம் முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 1,40,000 தான். இதில் வேலை பார்க்கிறவன் மாத்திரமல்ல, அவன் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள். இந்த 1,40,000-ஐ ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நம்மவர்கள் பெருவாரியாக நிற்பது இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும். ஒவ்வொன்றுக்கும் 40,040. இதற்கு மேல் இன்னொரு விதி: எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு 7-க்கு மேல் கொடுக்கக்கூடாது. 40,040-ல் நூற்றுக்கு 7 என்றால் ஏறக்குறைய 2,800. ஒரு குடும்பத்துக்கு இரண்டே பேர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1,400 குடும்பம். 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் இதுதான் அளவு; சுமார் நாலு லட்சம் பேர் மாத்திரம் இருக்கும் ஐஸ்லாந்து தீவுக்கும் இதுதான் அளவு.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு குளத்துக்கு முன்னால் 4,00,000 பேர் குடத்தோடு நிற்கிறார்கள். வருஷத்துக்கு 2,800 குடந்தான் மொள்ளலாம். கடைசியில் நிற்பவனுக்கு எப்போது தண்ணீர் கிடைக்கும்? 4,00,000-ஐ 2,800-ஆல் வகுத்து, "143 வருஷம், சார்" என்று சொல்லிவிட்டு அவன் விளையாடப் போய்விடுவான். இந்த 4,00,000 என்பது விளக்கத்துக்காக நாம் போட்ட எண். ஆனால் அமெரிக்காவிலேயே கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்த்த கணக்கும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. கேட்டோ நிலையத்தார் 2018-ல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இரண்டாம் வகுப்பில் 151 வருஷம் என்றார்கள். அமெரிக்கக் காங்கிரசின் (இது நம் ஊர்க் காங்கிரஸ் அல்ல, அவர்களுடைய சட்டசபையின் பெயர்) ஆராய்ச்சி இலாகா 2020-ல் 195 வருஷம் என்றது. 2023-ல் கேட்டோ நிலையத்தார் மறுபடியும் கணக்கிட்டு, புதிதாக மனுப்போடும் இந்தியருக்கு 134 வருஷம் என்றும், வரிசையில் நிற்கும் எல்லாத் தேசத்தாரிலும் சுமார் 4,24,000 பேர் அட்டையைக் கண்ணால் பார்க்காமலே இறந்துபோவார்கள் என்றும் எழுதினார்கள். அதே கணக்குப்படி உத்தியோக வரிசையில் நின்ற மொத்தம் 18 லட்சம் பேரில் 11 லட்சம் பேர் இந்தியர்கள்.

மனிதனுக்கு ஆயுளே நூறு என்று நம் ஜோசியர்கள் வாழ்த்துகிறார்கள். 134 வருஷம் காத்திருக்கவேண்டிய ஒருவனுக்கு "வருகிற குருப்பெயர்ச்சியில் நல்ல சேதி" என்று எந்த யோக்கியதையில் சொல்லுகிறார்கள்?

கணக்குக்குக் கணக்கு ஏன் மாறுகிறது?

இங்கே ஒரு ஜோசியர் குறுக்கே வரலாம். "பார்த்தீர்களா! உங்கள் கணக்கிலும் 151, 195, 134 என்று மூன்று விதம் இருக்கிறதே. எங்களை மட்டும் ஏன் ஏசுகிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலும் சொல்லுவோம்.

ஏமாற்றுகிறவனுடைய எண் மாறும்போது காரணம் சொல்லமாட்டான். கணக்கனுடைய எண் மாறினால் எந்த இடத்தில் மாறிற்று என்று கையை வைத்துக் காட்டுவான். இந்தக் கணக்கில் இரண்டே உறுப்புகள்: மேலே, நமக்கு முன்னால் நிற்கும் தலைகள், கீழே, வருஷத்துக்கு விடப்படும் தலைகள். மேலே உள்ள எண் ஏன் மாறும்? சிலர் வெறுத்துப்போய் ஊர் திரும்புகிறார்கள், சிலர் சாகிறார்கள், சிலர் அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் செய்துகொண்டு வேறு வாசலில் நுழைகிறார்கள், சிலர் இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு மாறி நிற்கிறார்கள். இவர்களைக் கழித்தால் வருஷம் குறையும், கழிக்காவிட்டால் கூடும். கீழே உள்ள எண் ஏன் மாறும்? மற்றத் தேசத்தார் எடுத்துக்கொள்ளாமல் விட்ட மிச்சமும், மேல் வகுப்பில் மீந்ததும், வெகுநாள் காத்திருப்பவர்களுக்கு வழிந்துவரும் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகையால் 2,800 என்பது சில வருஷம் பல மடங்கு ஆகும். நாம் மேலே போட்ட கணக்கிலேயே 2,800-க்குப் பதில் 5,000 என்று வைத்தால் 80 வருஷம். 10,000 என்று வைத்தால் 40 வருஷம். இவ்வளவுதான் ரகசியம். எந்த எண்ணை எங்கே வைத்தான் என்று கேட்டால் எந்தக் கணக்கனும் சொல்லுவான். எந்தக் கிரகத்தை எந்த எண்ணாக வைத்தீர் என்று ஜோசியரைக் கேட்டுப்பாருங்கள். தட்சிணையை மடியில் முடிந்துகொண்டு எழுந்துபோவார்.

இன்னொரு மயக்கமும் இருக்கிறது. அமெரிக்க ராஜாங்க இலாகா மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஒரு அறிக்கை வெளியிடுகிறது. எந்தத் தேதி வரையில் மனுப் போட்டவர்களுக்கு இந்த மாதம் முறை வந்திருக்கிறது என்று அதில் போட்டிருக்கும். படித்த பிள்ளைகளே அதைப் பஞ்சாங்கம் போலப் பார்க்கிறார்கள். "போன மாதம் ஒரு மாதம் நகர்ந்தது, என் தேதிக்கு இன்னும் அறுபது மாதம் பாக்கி, ஆகவே அறுபது மாதத்தில் வந்துவிடும்" என்று கணக்கிடுகிறார்கள். இதுவும் ஜோசியந்தான், கம்ப்யூட்டரில் பார்க்கும் ஜோசியம். தேதி நகருவது நாளைப் பொறுத்ததல்ல. அந்த நாட்களில் மனுப் போட்ட தலைகளைப் பொறுத்தது. ஒரு மாதத்து மனுக்களை விடுவிக்க ஒரு வருஷம் பிடித்தாலும் பிடிக்கும். மேலும் அந்தத் தேதி முன்னுக்குத்தான் போகவேண்டும் என்ற நியதியும் கிடையாது. 2022 செப்டம்பரில் இந்தியருக்கு இரண்டாம் வகுப்பில் 2014 டிசம்பர் 1 வரையில் வந்திருந்த தேதி, அக்டோபரில் 2012 ஏப்ரலுக்கும், டிசம்பரில் 2011 அக்டோபருக்கும் பின்வாங்கிற்று. மூன்றே மாதத்தில் மூன்று வருஷம் பின்னோக்கி ஓடிற்று! எந்தச் சனி வக்கிரமாயிற்று? ஒன்றும் வக்கிரமாகவில்லை. அந்த வருஷத்துக்கென்று கூடுதலாகக் கிடைத்த எண்கள் தீர்ந்துபோயின, அவ்வளவுதான்.

எனவே காத்திருப்பவன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை: என் மனுவின் தேதி என்ன? என் வகுப்பு எது? எனக்கு முன்னால் அந்த வகுப்பில், என் தேசக் கணக்கில், குடும்பத்தோடு சேர்த்து எத்தனை தலை? சென்ற சில வருஷங்களில் உண்மையில் எத்தனை தலை விடப்பட்டது? அதில் எது சாதாரண வருஷம், எது அசாதாரண வருஷம்? இவற்றுக்கு அந்த சர்க்காரே அவ்வப்போது புள்ளிவிவரம் வெளியிடுகிறது. குறைந்தபட்சம் இத்தனை வருஷம், அதிகபட்சம் இத்தனை வருஷம் என்று இரண்டு எண்ணாகச் சொல்லுகிறவன் யோக்கியன். மாதத்தையும் தேதியையும் அடித்துச் சொல்லுகிறவன் ஜோசியனானாலும் சரி, கோட்டுப் போட்ட தரகனானாலும் சரி, பித்தலாட்டக்காரன்.

நம் கிராமத்து ஜனங்களுக்கு இந்த அறிவு புதிதல்ல. வேங்கிக்காலில்தான் ஜில்லா கலெக்டர் ஆபீசு இருக்கிறது. திங்கட்கிழமை அங்கே மனுக் கொடுக்க வரும் குடியானவன், பட்டா மாறவில்லை என்றால் ராகு கேதுவையா விசாரிக்கிறான்? "ஐயா, என் காகிதம் எந்த மேஜையில் நிற்கிறது?" என்று கேட்கிறான். அவனுக்கு ரசீது நம்பர் தெரியும், மேஜை தெரியும், கையெழுத்துப் போடவேண்டியவர் யார் என்பதும் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குடியானவனுக்கு வேங்கிக்கால் ஆபீசில் இருக்கும் இந்தப் புத்தி, வாஷிங்டன் ஆபீசு விஷயத்தில் மாத்திரம் பி.ஈ., எம்.எஸ். படித்தவனுக்கும் அவன் தகப்பனுக்கும் ஏன் இல்லாமற் போகிறது?

ஜாதகமும் சாமியும்

ஒரே வயிற்றில் இரட்டையாகப் பிறந்த இருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே நட்சத்திரம், ஒரே ராசி, ஒரே லக்கினம். ஒருவன் 2008-ல் இரண்டாம் வகுப்பில் மனுப் போட்டான். மற்றவன் 2018-ல் அதே வகுப்பில் போட்டான். முன்னவன் கையில் அட்டை வந்து எத்தனையோ வருஷமாயிற்று. பின்னவன் கிழவனாகும்வரை நிற்பான். ஜாதகம் ஒன்றுதானே? பலன் ஏன் இரண்டாயிற்று? அவன் பிறந்த தேதியை யாரும் பார்க்கவில்லை. மனுப் போட்ட தேதியைத்தான் பார்த்தார்கள் என்பதனால் அல்லவா?

"சில்கூர் போய்வந்த எத்தனையோ பேருக்கு விசா கிடைத்திருக்கிறதே" என்று சிலர் சொல்லுகிறார்கள். அங்குள்ள வழக்கத்தைக் கவனியுங்கள். கேட்கப் போகிறவன் 11 சுற்றுச் சுற்றவேண்டும்; கிடைத்தவன் திரும்பி வந்து 108 சுற்றுச் சுற்றவேண்டும். கிடைக்காதவன் திரும்பி வருவானா? வரமாட்டான். ஆகவே அந்தப் பிராகாரத்தில் நீங்கள் பார்க்கும் 108 சுற்றுக்காரர்கள் அவ்வளவு பேரும் கிடைத்தவர்களே. தோற்றவன் எவனும் வந்து கையெழுத்துப் போடாத ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு சாமியின் சக்தியை அளந்தால் எந்தச் சாமிதான் தேறாது?

இன்னும் ஒன்று. வருஷத்துக்கு இத்தனைதான் என்று எண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்பவனும் அதே சாமியிடம் கேட்கிறான். பின்னால் நிற்பவனும் அதே சாமியிடம் கேட்கிறான். ஒருவனுக்குச் சாமி முன்னதாகக் கொடுத்தால் மற்றொருவனிடமிருந்து பிடுங்கித்தானே கொடுக்கவேண்டும்? அப்படியில்லாமல் எல்லோருக்கும் கொடுக்கவேண்டுமானால் சாமி அந்தச் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். சட்டத்தைத் திருத்த ஒரு சாமிக்கு முடியுமானால், இத்தனை வருஷமாக ஏன் திருத்தவில்லை? முடியாதென்றால் சுற்றுவது எதற்கு?

வரிசையை நகர்த்தியது யார்?

வரிசை நகர்ந்ததே இல்லையா என்றால், நகர்ந்திருக்கிறது. யாரால் நகர்ந்தது என்பதைப் பாருங்கள்.

2007 ஜூலை மாதத்துக்கு எல்லா மனுக்களையும் பெற்றுக்கொள்ளுவதாக அமெரிக்க அதிகாரிகள் முதலில் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வக்கீலுக்கும் வைத்தியருக்கும் பணங்கட்டிக் காகிதம் தயார் செய்தார்கள். ஜூலை 2-ந் தேதி திடீரென்று "இல்லை, எண்கள் தீர்ந்துவிட்டன" என்று கதவைச் சாத்தினார்கள். அப்போது நம்மவர்கள் மண்சோறு தின்னவில்லை. குடியேற்ற இலாகாத் தலைவருக்கு நூற்றுக்கணக்கில் பூச்செண்டுகளை அனுப்பினார்கள், கலிபோர்னியாவில் ஊர்வலம் போனார்கள், வழக்குத் தொடுத்தார்கள். ஜூலை 17-ந் தேதி உத்தரவு மாறிற்று. மனுக்களைப் பெற்றுக்கொண்டார்கள். பூவைக் கல்லின் மேல் போட்டு வந்தவர்கள் ஒரு தடவை ஆபீசுக்கு அனுப்பினார்கள். கூடவே வக்கீலையும் அனுப்பினார்கள். பலன் பதினைந்து நாளில் தெரிந்தது.

2019 ஜூலை 10-ந் தேதி, தேசவாரி வரம்பை உத்தியோக வரிசையில் எடுத்துவிடவேண்டும் என்ற மசோதா அவர்களுடைய பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற வோட்டில் நிறைவேறிற்று. 2020 டிசம்பரில் செனட் சபையும் ஒரு மசோதாவை நிறைவேற்றிற்று. ஆனால் இரண்டு சபையும் நிறைவேற்றியது ஒரே வாசகமாக இல்லை, சமரசம் ஆவதற்குள் அந்தச் சபைகளின் காலம் முடிந்தது, மசோதாவும் செத்தது. லட்சக்கணக்கான குடும்பங்களின் தலைவிதி என்று எதைச் சொல்லுகிறோமோ அது இரண்டு காகிதங்களின் வாசக வித்தியாசத்தில் கிடந்தது.

2021-ம் நிதி வருஷத்தில் கொரோனாவினால் குடும்ப வழியில் செலவாகாத எண்கள் உத்தியோக வழிக்கு வந்துசேர்ந்து, 1,40,000 என்பது சுமார் 2,62,000 ஆயிற்று. அவ்வளவு எண்ணும் கையில் இருந்தும், ஆபீசில் காகிதங்களைப் பார்த்து முடிக்காததால் 60,000-க்கு மேற்பட்டவை வருஷக் கடைசியில் வீணாகப் போயின. பசித்தவன் வாசலில் நிற்கச் சோற்றைக் குழியில் கொட்டினது போலாயிற்று. இது எந்த ஜென்மத்துப் பாவம்? பாவம் ஒன்றுமில்லை, குமாஸ்தா போதவில்லை, நிர்வாகம் சரியில்லை.

பிறப்பின் பேரால் வரிசை

இந்தச் சட்டத்தில் நாம் முக்கியமாகக் கண்டிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவன் எந்த ராஜ்யத்தின் பிரஜை என்று அது கேட்பதில்லை. எங்கே பிறந்தான் என்று கேட்கிறது. அண்ணன் வேங்கிக்காலில் பிறந்தான். தகப்பனார் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் தம்பி அங்கே பிறந்தான் என்று வைத்துக்கொள்ளுவோம். இருவரும் ஒரே காலேஜில் படித்து, ஒரே கம்பெனியில் ஒரே வேலை செய்து, ஒரே நாளில் மனுப் போட்டாலும், தம்பிக்குச் சில வருஷத்தில் வேலை முடிந்துவிடும். அண்ணனுக்கு ஜென்மம் போதாது. அண்ணன் கனடா தேசத்துப் பிரஜையாகவே மாறிவிட்டாலும் வேங்கிக்காலில் பிறந்த தோஷம் அவனை விடாது. பிறந்த இடத்தைக் காட்டி இவன் கடைசியில் நில் என்று சொல்லும் இந்த நீதியை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமல்லவா? நம் ஊர்க் கோயில் வாசலிலும், குளத்தங்கரையிலும், அக்கிரகாரத்து முனையிலும் கேட்ட நீதிதான் இது. அங்கே மனு என்று பெயர். இங்கே இமிக்ரேஷன் என்று பெயர்.

பணமுள்ளவனுக்கு மாத்திரம் இரண்டு ஊரிலும் தனி வாசல் இருக்கிறது. நம் கோயிலில் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கியவன் தர்ம தரிசனக்காரனைத் தாண்டிப் போவதுபோல, அங்கே 2022 முதல் 8,00,000 டாலர் முதல் போடக்கூடியவன் வேறொரு வகுப்பில் நுழையலாம்.

இந்த அக்கிரமத்தை எதிர்க்க வேண்டியவர்கள் சுத்தமான கையோடு எதிர்க்கவேண்டும். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் அமெரிக்கப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டம் வெள்ளையருக்கும் கறுப்பருக்குமே பிரஜா உரிமை கொடுத்தது. திண்ட், தாம் மேல்சாதி இந்து, ஆரிய இரத்தம், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார். 1923-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, நீர் வெள்ளையரல்லர் என்று சொல்லி அனுப்பிவிட்டது. எல்லா மனிதனும் சமம் என்று கேட்டிருந்தால், தோற்றாலும் அது மனிதன் கேட்ட கேள்வியாக இருந்திருக்கும். என்னைக் கீழே தள்ளாதே, நானும் கீழே தள்ளுகிற ஜாதிதான் என்று கேட்டால் என்ன மரியாதை கிடைக்கும்? பிறகு 1946-ல் இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று கணக்கு வைத்தார்கள். 1965-ல்தான் அந்தப் பழைய இனவாரி முறையை எடுத்தார்கள். அதை எடுக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்கள், தங்கள் சொந்த உரிமைக்காகத் தெருவில் அடிபட்ட கறுப்பு மக்கள் என்பதை நம்மவர்கள் மறக்கக்கூடாது.

ஆனால் மறந்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை, ஜாதியின் பேரால் யாரையும் வேற்றுமையாக நடத்தக்கூடாது என்று சட்டம் செய்யவேண்டி வந்தது. அமெரிக்காவில் விளையாத ஜாதி அந்த ஊருக்கு எப்படிப் போயிற்று? கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது "பிறப்பைப் பார்க்காதே, திறமையைப் பார்" என்று கூவுகிற வாய், இந்தியாவில் பிறந்த இன்னொருவன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்ததும் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்குமானால், அந்த வாயிலிருந்து வரும் நியாயத்தை யார் நம்புவார்கள்?

"போனால்தான் என்ன நஷ்டம்?"

"சரி, கோயிலுக்குப் போனால் மனச் சமாதானம், ஜோசியம் பார்த்தால் ஒரு நம்பிக்கை, இதில் உங்களுக்கென்ன நஷ்டம்?" என்று சில நல்லவர்கள் கேட்கிறார்கள். நஷ்டம் நமக்கல்ல, பிள்ளைகளுக்கு.

அந்தச் சட்டத்தில் 21 வயதானால் பிள்ளை என்ற கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். 2002-ல் செய்த ஒரு சட்டம் வயதில் கொஞ்சம் கழித்துக்கொடுக்கிறது, முழுவதும் காப்பாற்றுவதில்லை. இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு போன குழந்தை, அங்கேயே படித்து, அந்த ஊர்ப் பாஷையே பேசி, 21-ம் பிறந்த நாளில் அந்நியனாகிவிடுகிறது. தனியாக வேறு அனுமதி வாங்கவேண்டும். இல்லாவிட்டால் தெரியாத ஊருக்குத் திரும்பவேண்டும். 'அடுத்த வருஷம் வந்துவிடும்' என்று ஜோசியர் சொன்னதை நம்பின தகப்பன் இதற்கு ஒரு ஏற்பாடும் செய்யமாட்டான். கணக்குப் பார்த்த தகப்பன், மகனுக்கு 12 வயதாகும்போதே, இது 21-க்குள் வராது என்று தெரிந்துகொண்டு, கனடாவா, திரும்பி ஊரா, பிள்ளைக்கு வேறு படிப்பா என்று யோசித்து வைப்பான். கிரீன் கார்டு கட்டாயம் வரும் என்று சொல்லி வரதட்சணையைக் கூட்டிக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைக் கொடுக்கிற தகப்பனுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். பொய் நம்பிக்கை சமாதானமல்ல. கெடு தவறிப்போன பிறகு விழித்துக்கொள்ளும் தூக்கம்.

வகுக்கும் எண்ணே இல்லாத வரிசை

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் வரிசையைப் பற்றி இவ்வளவு வருத்தப்படும் நாம், நம் வீட்டு வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தோமா?

1948-ல் இலங்கையில் செய்த சட்டத்தால் மலைத்தோட்டத் தமிழர்கள் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964-ல் சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 9,75,000 ஜனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று மூட்டையைப் பங்கிடுவதுபோலப் பங்கிட்டார்கள். 15 வருஷத்தில் முடிப்பதாகக் கெடு. அதாவது வருஷத்துக்கு 35,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும். அப்படி நடக்கவில்லை. 1984-ல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. 15 வருஷம் என்று சொன்னது 39 வருஷமாகி, 2003-ல் இலங்கைச் சட்டசபை ஒரு சட்டம் செய்தபோதுதான் அங்கே மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜா உரிமை வந்தது. 55 வருஷத்துத் தலைவிதி ஒரு சட்டத்தில் தீர்ந்தது!

1983 முதல் யுத்தத்துக்குத் தப்பி இங்கே வந்த இலங்கைத் தமிழர்களில் சுமார் 58,000 பேர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருந்து வருகிறார்கள். நம் ஜில்லாவிலும் முகாம் உண்டு. 2021-ல் நம் சர்க்கார் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றிற்று. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் இந்தியப் பிரஜா உரிமைச் சட்டப்படி, 1987 ஜூன் 30-ந் தேதி முகாமில் பிறந்த குழந்தை பிறப்பால் இந்தியப் பிரஜை. மறுநாள் ஜூலை 1-ந் தேதி அதே முகாமில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இல்லாவிட்டால் அந்நியன். ஒரு ராத்திரியில் எந்தக் கிரகம் மாறிற்று? 2019-ல் திருத்தம் செய்தபோது பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த ஆறு மதத்தாரைச் சேர்த்தார்கள். இலங்கைத் தமிழனைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களைக் காகிதமில்லாத குற்றத்துக்குத் தண்டிக்கமாட்டோம் என்று ஒரு விலக்கு வந்தது. தண்டிக்கமாட்டோம் என்பது வேறு. நீ எங்கள் பிரஜை என்பது வேறு.

அமெரிக்காவில் நிற்பவனுக்குக் குறைந்தபட்சம் ஒரு தேதி இருக்கிறது, ஒரு வகுப்பு இருக்கிறது, 134 என்று சொல்ல ஒரு எண்ணாவது இருக்கிறது. முகாமில் நிற்பவனுக்கு மேலே தலைகள் உண்டு. கீழே வகுக்கும் எண் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கே பிறந்து, அங்கேயே படித்துப் பட்டம் பெற்று, நாற்பது வயதை நெருங்குகிறவனை "நீ எப்போது பிரஜை ஆவாய்?" என்று கேட்டால் அவன் எந்த ஜோசியனைக் கேட்பான்?

தோழர்களே! காத்திருப்பது என்பது கடவுள் விதித்ததுமல்ல, கிரகம் விதித்ததுமல்ல. மேலே ஒரு எண், கீழே ஒரு எண். இரண்டையும் எழுதியவர்கள் மனிதர்கள். கீழே உள்ள எண்ணை மனிதர்கள் மாற்றினபோதெல்லாம் வரிசை நகர்ந்திருக்கிறது. வாஷிங்டனில் நிற்கும் உங்கள் பிள்ளைக்காக அங்கேயுள்ள சட்டசபைக்காரனைக் கேளுங்கள். முகாமில் நிற்கும் நம் ஜனங்களுக்காக நீங்கள் வோட்டுப் போட்டு டில்லிக்கு அனுப்பியவரைக் கேளுங்கள். அவர் வோட்டுக்கு வரும்போது ஒரு கேள்வி போதும்: "வகுக்கும் எண் என்ன, ஐயா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரையில் விடாதீர்கள். மலையைச் சுற்றுகிற கால்களுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசு வாசல் ஒன்றும் தூரமில்லை.